டர்பன் 1949: கடை மேசைக்கு இரு பக்கமும்

1949 ஜனவரி 13, வியாழக்கிழமை மாலை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், விக்டோரியா தெரு இந்தியர் சந்தைக்குப் பக்கத்தில், கடை ஒன்றில் வேலை பார்த்த இந்தியர் ஒருவருக்கும் பதினான்கு வயது ஆப்பிரிக்கப் பையன் ஒருவனுக்கும் கைகலப்பு. பையனின் தலை கடைக் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி உடைந்து ரத்தம் வழிந்தது. வேலை முடிந்து வீடு திரும்ப வேண்டிய ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் பக்கத்துப் பஸ் நிலையத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்த நேரம் அது. சண்டை எப்படித் தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது. ரத்தம் மட்டும் தெரிந்தது, யார் அடித்தது என்பதும் தெரிந்தது.

அன்று இரவு இந்தியர் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. பையன் செத்துவிட்டான் என்ற வதந்தி தொழிலாளர் விடுதிகளில் பரவியது. மறுநாள் கலவரம் நகர மையத்திலிருந்து புறநகருக்கு நகர்ந்தது. அதிகம் அடிபட்ட இடம் கேட்டோ மேனர். வீடுகள் எரிந்தன, பெண்கள் வன்முறைக்கு ஆளானார்கள், குடும்பம் குடும்பமாகக் கொல்லப்பட்டார்கள். போலீசும் ராணுவமும் கடற்படையும் இறங்கிச் சுட்ட பிறகுதான் அடங்கியது. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 142 பேர், காயமடைந்தவர்கள் 1,087 பேர். ஆயிரக்கணக்கான இந்தியர்கள் அகதி முகாம்களில் கிடந்தார்கள்.

அந்த 142ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியர் 50 பேர். ஆப்பிரிக்கர் 87 பேர். வெள்ளையர் ஒருவர். அடையாளம் தெரியாதவர்கள் நான்கு பேர். நம் பக்கத்தில் இதைச் சொல்லும்போது "இந்தியர்களைக் கொன்ற கலவரம்" என்றுதான் சொல்கிறோம், அது பொய் இல்லை. ஆனால் இறந்தவர்களில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்கர்கள், அவர்களில் பலர் அரசுத் துப்பாக்கிக்கு இரையானவர்கள். கலவரத்தை அடக்கும் சாக்கில் அரசு யாரைச் சுட்டது என்பதும் இந்த விவகாரத்தின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டுப் பேசினால் மீதிக் கதை பிடிபடாது.

இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது. கலவரத்தை வேடிக்கை பார்த்த வெள்ளையர்களில் சிலர் கைதட்டினார்கள், உற்சாகப்படுத்தினார்கள், தெருவில் ஆடிய வெள்ளைப் பெண்களும் உண்டு என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். இந்தியர்களை ஊரைவிட்டே துரத்த வேண்டும் என்று பல ஆண்டுகளாக மேடையில் பேசப்பட்டுவந்த நகரம் அது. துரத்தும் வேலையை வேறு யாரோ செய்தால் கை தட்டத்தானே செய்வார்கள்.

இரண்டு சோம்பேறி விளக்கங்கள்

ஒடுக்கப்பட்ட இரண்டு கூட்டங்கள் ஒன்றை ஒன்று தாக்கிக்கொண்டால் உடனே இரண்டு விளக்கங்கள் தயாராக வந்துவிடும். "அவர்களுக்குள்ளேயே எவ்வளவு இனவெறி பாருங்கள், பிறகு ஏன் எங்களைக் குறை சொல்கிறீர்கள்" என்பது ஒன்று. ஆள்பவர்களுக்கு மிகவும் பிடித்தமானது இது. "எல்லாம் வெள்ளைக்காரன் சதி, நம்மிடம் தவறே இல்லை" என்பது மற்றது. நமக்குப் பிடித்தமானது அது.

டர்பனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இரண்டும் எங்கே உடைகின்றன என்று இங்கே கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான். வெறுப்பு உண்மையாகவே இருந்தது, இரு பக்கமும் இருந்தது. ஆனால் அந்த வெறுப்பு கடை மேசை, பஸ் படிக்கட்டு, குடிசை வாடகை என்று குறிப்பிட்ட சில இடங்களில்தான் குவிந்தது. அந்த இடங்களில் யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்தவர்கள் அங்கே நின்ற இருவருமே இல்லை.

நிலம், பஸ், பியர்

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் வந்து நின்றது. 1911 வரை இப்படி வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பாமல் காய்கறி பயிரிட்டு, கூடையில் சுமந்து விற்றுப் பிழைத்தார்கள். குஜராத்திலிருந்து சொந்தச் செலவில் வந்து கடை வைத்த வணிகர்கள் வேறு கூட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் "இந்தியன்" என்ற ஒரே பெயர்தான். இந்த வித்தியாசம் பிறகு உயிர் விஷயமாகிறது.

காய்கறித் தோட்டக்காரர்கள் நிலம் வாங்கிய இடங்களில் ஒன்று கேட்டோ மேனர். அப்போது அது நகர எல்லைக்கு வெளியே இருந்த மேடும் பள்ளமும். 1930களின் தொடக்கத்தில் டர்பன் தன் எல்லையை விரித்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. வரி வந்தது. தண்ணீர், சாலை, விளக்கு எல்லாம் பேருக்குத்தான். அப்புறம் போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் பெருகி, ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நகரத்துக்கு வந்தார்கள். தங்க எங்கே இடம்? 1913 நிலச் சட்டமும் 1923 நகர்ப்புறச் சட்டமும் அதன் 1937 திருத்தமும் சேர்ந்து ஆப்பிரிக்கர் நகரத்தில் நிலம் வாங்கும் வழியைக் கிட்டத்தட்ட மொத்தமாக அடைத்திருந்தன. நகராட்சி கட்டியிருந்த ஆண்கள் விடுதிகளில் குடும்பத்தோடு இருக்க முடியாது. மிஞ்சியது கேட்டோ மேனரின் இந்தியர் நிலம். வாடகை கொடுத்தால் குடிசை போட்டுக்கொள்ளலாம்.

இந்தியரின் நிலையும் நிம்மதியானது இல்லை. 1943இல் வந்த சட்டம் டர்பனில் வெள்ளையரும் இந்தியரும் தமக்குள் சொத்து வாங்கி விற்பதை முடக்கியது. 1946இல் வந்த ஆசியர் நில உரிமைச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. ஓர் இனத்தை ஒரு மூலையில் அடைப்பது என்பதால் மக்கள் அதைக் கெட்டோ சட்டம் என்றார்கள். எந்த நேரமும் நகராட்சி பிடுங்கிக்கொள்ளக்கூடிய நிலத்தில் யார் நல்ல வீடு கட்டி வாடகைக்கு விடுவார்கள்? குடிசைக்கு இடம் விட்டால் செலவில்லை, கையில் காசு. சிலர் அநியாய வாடகை வாங்கினார்கள், அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரே நிலம் ஒருவரைக் குடிசைச் சொந்தக்காரராகவும் இன்னொருவரை நிரந்தரக் குடித்தனக்காரராகவும் ஆக்கியது, இரண்டையும் சட்டப் புத்தகம்தான் செய்தது. குடிசையில் இருந்தவருக்குச் சட்டப் புத்தகம் தெரியாது. மாதா மாதம் வாடகை கேட்டு வரும் முகம் தெரியும்.

பஸ்ஸும் அப்படித்தான். வெள்ளையர் பகுதிகளுக்கு நகராட்சியே வண்டி ஓட்டியது. கறுப்பர் குடியிருப்புகளுக்கு ஓடியவற்றில் பெரும்பகுதி இந்தியர் பஸ்கள். ஆப்பிரிக்கர் உரிமம் கேட்டால் கிடைப்பது அரிது, கடை உரிமமும் அப்படியே. அதனால் ஒரு ஆப்பிரிக்கத் தொழிலாளியின் நாளில் காலையில் டிக்கெட் கொடுப்பவர் இந்தியர், மாலையில் ரொட்டி விற்பவர் இந்தியர், மாதக் கடைசியில் வாடகை வாங்குபவர் இந்தியர். சம்பளத்தை நிர்ணயித்தவர், நகரத்தில் நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எழுதியவர், உரிமத்தை மறுத்தவர் எல்லோரும் வெள்ளையர். ஆனால் அவர்களை அவர் நேரில் சந்திப்பது குறைவு, சந்தித்தாலும் எதிர்த்துப் பேசினால் சிறை.

பியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் டர்பன் நிர்வாகத்தின் மூளை எப்படி வேலை செய்தது என்பது அதில் பச்சையாகத் தெரிகிறது. 1908இல், டர்பன் இருந்த நடால் காலனியில் ஒரு சட்டம் வந்தது. ஆப்பிரிக்கர்கள் பரம்பரையாக வீட்டில் காய்ச்சிக் குடித்த சோளப் பியரை இனி நகரத்தில் நகராட்சி மட்டுமே காய்ச்சி விற்கலாம். வீட்டில் காய்ச்சிய பெண்களைப் போலீஸ் பிடித்தது. நகராட்சி மதுக்கூடங்களில் வந்த லாபத்திலிருந்து ஆப்பிரிக்கர்களுக்கான விடுதிகளும் அவர்களைக் கண்காணிக்கும் நிர்வாகமும் நடந்தன. அதாவது ஆப்பிரிக்கரை அடக்கும் செலவை அவர்களே குடித்துக் கட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு "டர்பன் முறை" என்றே பெயர் வந்து மற்ற நகரங்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஆப்பிரிக்கப் பெண்கள் இதை 1929இலும் எதிர்த்தார்கள், 1959இல் கேட்டோ மேனரிலேயே மதுக்கூடங்களுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அந்த 1959 கோபம் நகராட்சி மேல் பாய்ந்தது, இந்தியர் மேல் இல்லை. பிழைப்புக்குக் குறுக்கே நின்றது யார் என்பது கண்முன்னே தெரிந்தால் கோபம் சரியான வாசலுக்குத்தான் போகிறது. 1949இல் அது தெரியாதபடி நடுவில் ஒரு கூட்டம் நிறுத்தப்பட்டிருந்தது.

தபால் நிலையத்தின் மூன்றாவது கதவு

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு "அமைப்புதான் காரணம், நாங்கள் வெறும் பகடைக்காய்" என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அப்படி எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. நடுவில் நிறுத்தப்பட்டவர்கள் அந்த இடத்தை விரும்பவும் செய்தார்கள்.

1890களின் நடுவில் டர்பன் தபால் நிலையத்துக்கு இரண்டு நுழைவாயில்கள் இருந்தன. வெள்ளையருக்கு ஒன்று. ஆப்பிரிக்கரும் ஆசியரும் போக இன்னொன்று. அப்போதுதான் தொடங்கியிருந்த நடால் இந்திய காங்கிரஸ், காந்தி செயலாளராக இருந்த அமைப்பு, இதை எதிர்த்து மனுக்கொடுத்தது. எதற்கு எதிர்ப்பு? கதவைப் பிரித்ததற்கு இல்லை. ஆப்பிரிக்கரோடு ஒரே கதவில் போக வைத்த அவமானத்துக்கு. மனு வென்றது. இந்தியருக்கென்று மூன்றாவது கதவு திறந்தது. அது ஒரு சாதனையாகவே பேசப்பட்டது. அந்த ஆண்டுகளில் காந்தி எழுதியவற்றிலும் பேசியவற்றிலும் ஆப்பிரிக்கர்களைப் பற்றி வரும் சொற்களைப் படித்தால் கூச்சமாக இருக்கும். அவர் பிற்காலத்தில் மாறினார். ஆனால் மூன்றாவது கதவு தனி ஒருவரின் மனக்கோணல் மட்டும் இல்லை, ஒரு சமூகமே கேட்டு வாங்கியது.

இந்த விவகாரத்தின் சாவி அந்தக் கதவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இனவாத அமைப்பு ஓர் ஏணி மாதிரி. நடுப்படியில் நிற்பவனுக்கு மேல்படிக்காரன் தரும் ஒரே சலுகை, கீழ்ப்படி ஒன்று இருக்கிறது என்பதுதான். அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து ஏணியைக் காப்பாற்றுவது அவன் வேலையாகவும் ஆகிவிடுகிறது.

நம்மவர்களின் முன்முடிவு முழுவதையும் வெள்ளையரிடமிருந்து கற்றதாகச் சொல்லவும் முடியாது. தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு என்ற பழக்கம் கப்பல் ஏறித்தான் வந்தது. கூலிக் கொட்டடியில் சாதி கலந்து கரைந்தது என்பார்கள், ஓரளவு உண்மை. ஆனால் யாரோ ஒருவர் நமக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்ற தேவை அவ்வளவு சுலபமாகக் கரையவில்லை. புது ஊரில் அது நிறத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

1949க்கு முன்பு ஆப்பிரிக்கர்கள் சொன்ன குறைகள் ஆவணங்களில் இருக்கின்றன. கடைக்குள் போனால் கடைசியில்தான் கவனிப்பார்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் சாமான்களைப் பதுக்கிக் கறுப்புச் சந்தை விலைக்கு விற்றார்கள். பஸ்ஸில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள், கேட்டால் திட்டுவார்கள். இந்திய ஆண்கள் ஆப்பிரிக்கப் பெண்களோடு உறவு வைத்துக்கொள்வார்கள், மணம் செய்துகொள்ள மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்று இன்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் பட்டியலைப் பாருங்கள். கூலி குறைவு, வாக்குரிமை இல்லை என்பவை இதில் இல்லை. எல்லாமே மரியாதையைப் பற்றியவை. தினமும் நாலு முறை படும் சின்ன அவமானம், வருடத்துக்கு ஒருமுறை கெஜட்டில் வரும் பெரிய அநீதியைவிட அதிகம் எரிக்கும். அந்தச் சின்ன அவமானத்தைத் தன் கையால் செய்தவர் நம்மவர். அதற்கு எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. மீதிச் சில்லறையை ஒழுங்காகக் கொடுக்கக் கூடாது என்று எந்த நகராட்சியும் உத்தரவு போடவில்லை.

மறுபக்கமும் சுத்தம் இல்லை. இந்தியரைப் பற்றி வெள்ளை அரசியல்வாதிகள் பேசிய அதே வசனங்கள், அவர்கள் வந்தேறிகள், ஏமாற்றுக்காரர்கள், கப்பல் ஏற்றி அனுப்ப வேண்டியவர்கள் என்பவை, ஆப்பிரிக்கர் மத்தியிலும் புழங்கின. ஆப்பிரிக்கத் தலைவர் ஜான் டூபே 1903இல் தொடங்கிய 'இலங்கா லாசே நடால்' என்ற சூலு மொழி இதழிலேயே இந்திய வணிகர்களுக்கு எதிரான எழுத்து நெடுங்காலம் உண்டு. 1948 மே மாதம் ஆட்சியைப் பிடித்த மலானின் தேசியக் கட்சி, இந்தியர்களை இந்த நாட்டோடு ஒட்ட முடியாத அந்நியர்கள் என்றே சொல்லியது. எட்டே மாதத்தில் கலவரம். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒருவன் கையில் தடியை எடுத்தபோது, தான் அரசுக்கு எதிராக எதுவும் செய்வதாக நினைத்திருக்க வாய்ப்பில்லை.

தடி யார் மேல் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நகர மையத்தில் இந்தியர் கடைகள் நிறைந்த கிரே தெருவின் பெரிய வணிகர்களின் கண்ணாடிகள் உடைந்தன, சரக்கு போனது. உயிரையும் வீட்டையும் அதிகம் இழந்தவர்கள் கேட்டோ மேனரிலும் சுற்றுப்புறத்திலும் தகரக் கூரைக்கு அடியில் இருந்த தோட்டக்காரர்கள், கூடை வியாபாரிகள், ஆலைத் தொழிலாளர்கள். ட்ரூரோவிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் வந்த கூலிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கறுப்புச் சந்தையில் லாபம் பார்த்தவர் வேறு, வெட்டுப்பட்டவர் வேறு. "இந்தியன்" என்று அரசு எல்லோரையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தது, கூட்டமும் அதே பெட்டியைத்தான் உடைத்தது. அன்று பல ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பக்கத்து வீட்டு இந்தியரைத் தங்கள் குடிசைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றின. ஆளை ஆளாகத் தெரிந்த இடத்தில் அது நடந்தது.

கமிஷன் கேட்காத கேள்விகள்

அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது, தலைவர் நீதிபதி வான் டென் ஹீவர். ஆப்பிரிக்கரின் அமைப்பான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் அங்குள்ள இந்தியரின் அமைப்பான தென்னாப்பிரிக்க இந்திய காங்கிரசும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டன. கமிஷன் மறுத்தது. இரண்டு அமைப்புகளும் வெளியேறின. ஆக, கலவரத்தில் செத்த இரண்டு சமூகங்களின் பிரதிநிதிகளும் இல்லாமல் கலவரத்தின் காரணம் எழுதப்பட்டது.

குறுக்கு விசாரணை என்பது இங்கே வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. அது இருந்திருந்தால் நகராட்சி அதிகாரியைக் கூண்டில் ஏற்றிக் கேட்டிருக்கலாம்: ஆப்பிரிக்கர் எத்தனை பேர் பஸ் உரிமம் கேட்டார்கள், எத்தனை கொடுத்தீர்கள்? கேட்டோ மேனரில் வரி வாங்கினீர்களே, குழாய் எத்தனை போட்டீர்கள்? வெள்ளிக்கிழமை பகல் முழுக்கக் கூட்டம் சேர்ந்தபோது போலீஸ் எங்கே இருந்தது? இந்தக் கேள்விகள் இல்லாமல் போனால் மிஞ்சுவது இரண்டு இனங்களின் "குணம்" பற்றிய பேச்சுதான். சூலு (நடாலின் ஆப்பிரிக்க இனம்) இப்படிப்பட்டவன், இந்தியன் அப்படிப்பட்டவன் என்று எழுதுவது எவருக்கும் கைவந்த கலை. அந்த எழுத்தில் எழுதுபவரின் இனம் மட்டும் எங்கும் தென்படாது.

சிறுபான்மைகளுக்குள் இருக்கும் வெறுப்பு அமைப்புக்கு எப்படிப் பயன்படுகிறது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். வெறுப்பை அரசு தூண்டிவிட்டதா இல்லையா என்ற விவாதம் கூட அவ்வளவு முக்கியம் இல்லை. வெறுப்பு வெடித்ததும் நடுவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வசதி அரசுக்குக் கிடைக்கிறது. பிரதிவாதியாக நிற்க வேண்டியவர் நீதிபதியாகிவிடுகிறார்.

நாய்க்கரும் சூமாவும்

1947 மார்ச் 9 அன்று மூன்று மருத்துவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் சூமா, டிரான்ஸ்வால் இந்திய காங்கிரசின் தாதூ, நடால் இந்திய காங்கிரசின் மான்டி நாய்க்கர். டர்பனில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் படித்தவர் நாய்க்கர். 1946இல் கெட்டோ சட்டத்தை எதிர்த்து நடந்த சாத்விகப் போராட்டத்தை டர்பனில் முன்னின்று நடத்திச் சிறைக்கும் போனவர். அந்தப் போராட்டத்தில் சுமார் இரண்டாயிரம் பேர் சிறை சென்றார்கள்.

மூன்றாவது கதவு கேட்ட காங்கிரஸ், அரை நூற்றாண்டு கழித்து எல்லோருக்கும் ஒரே கதவு வேண்டும் என்று கேட்ட காங்கிரசாக மாறியிருந்தது. பெரிய மாற்றம்தான். ஆனால் தலைவர்கள் போட்ட கையெழுத்து பஸ் கண்டக்டரின் நாக்குவரை இறங்கவில்லை. ஒப்பந்தம் ஆன இரண்டே ஆண்டில் கலவரம் வந்தது அதைத்தான் காட்டுகிறது.

கலவரம் நடந்த உடனே இரண்டு அமைப்புகளின் தலைவர்களும் சேர்ந்து தெருவில் இறங்கி அமைதி கேட்டார்கள். பிப்ரவரி 6 அன்று கூடிய கூட்டுக் கூட்டம், கலவரத்தின் வேர் நாட்டின் பாகுபாடான அரசியல், பொருளாதார, சமூகக் கட்டமைப்பில் இருக்கிறது என்று அறிக்கை விட்டது. எனக்குப் பிடித்தது அறிக்கையின் அந்தப் பகுதி இல்லை, அது எவரும் எழுதக்கூடியது. இந்தியர் தரப்பு இதில் கையெழுத்துப் போட்ட நேரத்தைத்தான் பார்க்கிறேன். சொந்த மக்கள் இன்னும் முகாமில் கிடக்கும்போது, பழிவாங்கும் பேச்சு சூடாக இருக்கும்போது, கொன்றவர்களின் சமூகத்தோடு ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். நாய்க்கரை அப்போது தன் ஆட்களே எவ்வளவு திட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். அநியாயச் சட்டங்களை வேண்டுமென்றே மீறிய 1952 அடங்காமைப் போராட்டத்தில் டர்பனில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்தே கைதானார்கள்.

கீழே, மக்கள் மத்தியில், வேறு மாதிரி நடந்தது. கேட்டோ மேனரில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர் பஸ்களைப் புறக்கணித்தார்கள், தங்களுக்கு உரிமம் வேண்டும் என்றார்கள். காலியான கடைகளில் ஆப்பிரிக்க வணிகர்கள் நுழையப் பார்த்தார்கள். உம்குமபானே, அவர்கள் அந்த இடத்தை அழைத்த பெயர், இப்போது எங்களுடையது என்ற பெருமிதம் வந்தது. வீடு எரிந்தவர்களுக்கு இது வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. கொலையால் வாங்கியது என்பதால் உரிமம் கேட்பது குற்றமாகிவிடாது, உரிமம் நியாயமானது என்பதால் கொலை நியாயமாகிவிடவும் செய்யாது.

நிலம் கடைசியில் யாருக்குப் போனது

1950இல், ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. இனங்கள் சேர்ந்து வாழ்ந்தால் சண்டைதான் வரும், டர்பனைப் பாருங்கள் என்பது அதற்கு ஒரு வாதம். 1958இல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆப்பிரிக்கக் குடிசைகளை இடித்து மக்களை வடக்கே குவாமாஷுவுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். எதிர்ப்பும் சாவும் நடந்தன. 1960 ஜனவரியில் ஒரு சோதனையின்போது ஒன்பது போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். 1960களில் இந்தியர்களைத் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வாடகை வாங்கியவரும் வாடகை கொடுத்தவரும், கொன்றவரும் கொல்லப்பட்டவரும், எல்லோரும் போய்விட்டார்கள்.

அப்படி வெள்ளையருக்காகக் காலி செய்த நிலத்தில் பெரும்பகுதியில் வெள்ளையர் குடியேறவும் இல்லை. பல ஆண்டுகள் புதர் மண்டிக் கிடந்தது, நம்மவர் கட்டிய சில கோவில்கள் மட்டும் நடுவில் நின்றன.

1994க்குப் பிறகு நில மீட்புச் சட்டம் வந்ததும் இந்தியக் குடும்பங்கள் கேட்டோ மேனர் நிலத்துக்கு மனுப்போட்டார்கள். அதற்குள் வீடில்லாத ஆப்பிரிக்கர்கள் அங்கே குடிசை போட்டிருந்தார்கள், நகராட்சி அங்கே அவர்களுக்கான பெரிய குடியிருப்புத் திட்டத்தையும் தொடங்கியிருந்தது. நிலத்தை அப்படியே திருப்பித் தர முடியாது என்று நகராட்சி நீதிமன்றம் போனது. பலர் கடைசியில் பணத்தை வாங்கிக்கொண்டு விலகினார்கள். பிடுங்கிய ஆட்சி போய்விட்டது. பழைய நிலக்காரரும் புதிய குடிசைக்காரரும் மறுபடியும் எதிரெதிரே நின்றார்கள், இந்த முறை வழக்குக் கட்டுகளோடு.

ஃபீனிக்ஸ், 2021

டர்பனுக்கு வடக்கே இருக்கும் ஃபீனிக்ஸ், 1970களில் இந்தியர்களுக்கென்று அரசு கட்டிய நகர்ப்பகுதி. சுற்றிலும் குவாமாஷு, இனாண்டா, பம்பாயி என்று ஆப்பிரிக்கர் குடியிருப்புகள். நிறவெறி ஆட்சியின் நகரத் திட்டத்தில் இப்படி இடையில் வைப்பது வழக்கமான ஏற்பாடு.

2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறைக்குப் போனதைத் தொடர்ந்து மாகாணம் முழுக்கக் கொள்ளையும் தீவைப்பும் நடந்தன. இந்த சூமா மேலே வந்த மருத்துவர் சூமா இல்லை. போலீஸ் பல இடங்களில் தலைகாட்டவில்லை. ஃபீனிக்ஸில் மக்கள் தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டு ஆயுதங்களோடு காவல் நின்றார்கள். அந்தப் பகுதியில் 36 பேர் இறந்ததாகக் காவல்துறை அமைச்சர் சொன்னார். பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் மட்டும் இல்லை, அந்த வழியாக வேலைக்கோ வீட்டுக்கோ போய்க்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

தடுப்பில் நின்றவர்களின் பயம் பொய்யில்லை. 1949இன் கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே இருந்திருப்பார்கள், போலீஸ் வரவில்லை என்பதும் நிஜம். ஆனால் பயம் ஒரு காரின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப்பார்த்து, ஓட்டுபவரின் நிறத்தை வைத்து அவர் யார் என்று முடிவுசெய்தது. 1949 ஜனவரி 14 அன்று கேட்டோ மேனரில் ஒரு கூட்டம் செய்ததும் அதே முடிவுதான். அப்போது தீர்ப்பு நம்மவர் மேல் விழுந்தது, இப்போது நம்மவர் கையால் விழுந்தது. இரண்டு முறையும் ஓர் ஆளைக் கண்டால் அவர் எந்தப் பெட்டியைச் சேர்ந்தவர் என்று முதலில் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான். அந்தப் பெட்டிகளைச் செய்த அரசு 1994இல் போய்விட்டது. ஃபீனிக்ஸில் நடந்த கொலைகளுக்காகச் சிலர் மேல் வழக்குகள் நடந்தன. போலீஸ் ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள் இரு பக்கமும் உண்டு.